சண்டைப் படத்துக்கு இரண்டு வரிசை கூடுதல்

இப்போது படம் பார்த்துவிட்டு எல்லோரும் நட்சத்திரம் கொடுக்கிறார்கள். என் மருமகன் அந்த நட்சத்திரங்களைச் செல்போனில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தியேட்டருக்கே கிளம்புகிறார். மூன்றரை நட்சத்திரம் என்றால் அந்த அரை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கும் தெரியாது போல.

எனக்கும் படங்களைப் பற்றிக் கருத்து உண்டு. எல்லாம் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், குனிந்த முதுகோடு சேர்த்த கருத்துகள். பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். பதினோரு பெண்கள் களைக்கொத்தோடு கேட்டுக்கொண்டிருக்கும்போது, தப்பாகச் சொன்னால் வேலை போகும் என்ற நிலையில், அவர்களில் யாராவது ஒரு படத்தைப் பற்றிப் பேசியிருந்தால் அவர்களோடு நான் உட்கார்ந்து விவாதிக்கத் தயார்.

எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டைக்கும் களமருதூருக்கும் நடுவில். சொந்த நிலம் இல்லாத வீடு எங்களுடையது. என் கணவர் ஆலை ஓடும் மாதங்களில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விடுவார். நான் ஊரிலேயே களையெடுக்கப் போவேன். ஆனால் என் வலது மணிக்கட்டு சின்ன வயதில் முறிந்து, கோணலாகக் கூடிய மணிக்கட்டு. மற்றவர்கள் ஒரு வரிசை முடித்து நிமிரும்போது நான் பாதியில் இருப்பேன். எங்களுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற மேஸ்திரி ஒரு பெண். மேஸ்திரி அக்கா என்போம். அவர் இரண்டு முறை என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் முறையும் விட்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் கள்ளக்குறிச்சியில் ஒரு மேட்னி ஷோ பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் டாக்டர் வரவில்லை, தியேட்டர் பக்கத்தில் இருந்தது, போய்விட்டேன். மறுநாள் கொல்லையில் பக்கத்து வரிசைக்காரியிடம் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்கு அடுத்தவள் "உரக்கச் சொல்லேன்டி" என்றாள். அதற்கடுத்தவள் என் வரிசையிலும் கை நீட்டி நாலு புல்லைப் பிடுங்கிவிட்டாள், நான் பின்தங்கிவிட்டால் கதை கேட்காதே என்று. மதியத்துக்குள் என் வரிசையை ஆளுக்குக் கொஞ்சமாக எல்லோரும் முடித்துக் கொடுத்திருந்தார்கள்.

அப்படி ஏற்பட்ட ஏற்பாடுதான் பிறகு நாலைந்து வருஷம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் சார்பிலும் நான் ஒருத்தி பஸ் ஏறிப் போய்ப் படம் பார்க்க வேண்டியது. திங்கட்கிழமையிலிருந்து கொல்லையில் சொல்ல வேண்டியது. என் வரிசையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சுற்றுவட்டாரக் களையெடுப்புக் கூட்டங்களில் படம் பார்த்தவள் கதை சொல்வது வழக்கம்தான். ஆனால் அதற்கென்றே ஆள் அனுப்பி வைத்த கூட்டம் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். புருஷன் ஊரில் இல்லாதபோது தனியாக மேட்னிக்குப் போகிறாள் என்று தெருவில் பேசினார்கள். பேசியவர்களில் மூன்று பேர் திங்கட்கிழமை என் பக்கத்து வரிசையைப் பிடிக்கச் சண்டை போட்டவர்கள்.

அது ஆங்கிலப் படங்களைத் தமிழ் பேசவைத்து வரிசையாக இறக்கிய காலம். வெள்ளைக்காரன் வாயைத் திறந்து மூடிய பிறகு வசனம் வரும். அந்தத் தியேட்டருக்கு வந்தது மூன்றே வகைதான்: சண்டைப் படம், பேய்ப் படம், விஞ்ஞானப் படம். குடும்பப் படம் வந்தாலும் போக வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அழுகையும் அடிதடியும் வூட்லயே கெடைக்குது, அதுக்கு எதுக்கு பஸ்சு என்பது மேஸ்திரி அக்காவின் தீர்ப்பு.

சண்டைப் படத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என் கருத்தில் அது உலகத்திலேயே ஒழுங்கான படம். முப்பது அடியாட்கள் கதாநாயகனைச் சுற்றி நிற்பார்கள். ஆனால் ரேஷன் கடையில் நிற்பதுபோல் ஒருவர் பின் ஒருவராகத்தான் வருவார்கள். முன்னால் போனவன் அடி வாங்கி விழுந்து எழும்வரை அடுத்தவன் மரியாதையாகக் காத்திருப்பான். எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு சண்டை நடந்தால் முதலில் எல்லோரும் சேர்ந்து ஒருவனை அடிப்பார்கள், பிறகுதான் அவன் யார் என்று பார்ப்பார்கள். வெள்ளைக்காரனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கதாநாயகனுக்கு என்ன தொழில் என்று எந்தச் சண்டைப் படத்திலும் சொல்லமாட்டார்கள். போலீஸ் என்பார்கள். ஸ்டேஷனுக்குப் போய் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதைக்கூட நான் பார்த்ததில்லை. காரை எடுத்துக்கொண்டு துரத்துவான். துரத்துகிற வழியில் ஒரு காய்கறி வண்டி கட்டாயம் நிற்கும். அதை இடித்துத் தள்ளாமல் போனால் படம் முடியாது.

இந்தக் காய்கறி வண்டியால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சமல்ல. என் வரிசைக்கு இடப்பக்கம் எப்போதும் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விதவை இருப்பார். எனக்கு அவர் பெரிம்மா முறை. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. புல்லையும் செடியையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் பிடுங்குவார். அதனால் அவரும் மெதுவான கை. கதையை எங்கள் கூட்டத்தில் ஒழுங்காகக் கேட்டது அவர் ஒருவர்தான். நான் வில்லனை மாடியிலிருந்து தள்ளி, மாடி தீப்பிடித்து, கதாநாயகன் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டிருக்கும்போது நிதானமாகக் கேட்பார்.

"அது கெடக்கட்டும். அந்தத் தக்காளி இன்னாச்சு?"

"எந்தத் தக்காளி பெரிம்மா?"

"வண்டியோட கவுத்துட்டுப் போனானே. பாவம், அவன் கடனுக்கு எடுத்துக்கினு வந்திருப்பான். அவனுக்கு யாரு பதில் சொன்னது?"

படத்தில் யாரும் பதில் சொல்லவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அன்றைக்குக் கதாநாயகனுக்குக் கூட்டத்தில் ஒரு மரியாதையும் இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எந்தச் சண்டைப் படத்தைச் சொன்னாலும், கடைசியில் கதாநாயகன் திரும்பி வந்து காய்கறிக்காரனைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். என் சொந்தச் செலவில் அந்தக் காட்சியைச் சேர்த்தேன். ஹாலிவுட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

பேய்ப் படத்துக்கு வருகிறேன். பேய் குடியிருப்பது எப்போதும் மலைமேல் ஒரு பங்களாவில். மழை பெய்து வெளுத்த நாளில் எங்கள் கொல்லையிலிருந்து மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். கதை சொல்லும்போது கையை நீட்டி அதைக் காட்டிவிடுவேன், எங்கள் ஆட்களுக்கு மனதில் பதியட்டும் என்று. ஒருமுறை கள்ளக்குறிச்சிச் சந்தையில் கடுக்காய் விற்க இறங்கி வந்திருந்த ஒரு மலைக்காரப் பெண்ணிடம் விசாரித்தேன், உங்கள் பக்கம் பேய் பங்களா ஏதாவது உண்டா என்று. "எங்க ஊருக்கு ரோடே இல்லீங்க, பங்களா எப்பிடிங்க வரும்" என்றார். பிள்ளைத்தாய்ச்சியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது, அதைவிடப் பயமான ஒன்று எங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதைப் படம் எடுக்க யாரும் வரவில்லை.

பேய் வெள்ளைப் புடவையில் வரும். வெள்ளைக்காரப் பேயாக இருந்தால் வெள்ளைக் கவுன். கல்லறையிலிருந்து, கிணற்றிலிருந்து, புதர்மேட்டிலிருந்து எழுந்து வரும். துணியில் ஒரு பொட்டு மண் இருக்காது. எங்களுக்குச் சாயங்காலம் புடவையைக் கசக்கினால் வாளித் தண்ணீர் செம்மண்ணாகிவிடும். அந்த ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் பேயின்மேல் பொறாமை இருந்தது.

பேய்ப் படக் கதை எப்போதும் ஒன்றுதான். பணக்காரன் ஒருவன் ஒரு பெண்ணைக் கெடுத்துக் கொன்றுவிடுவான். அவள் பேயாக வந்து அவன் கூட்டத்தில் பத்துப் பேரைச் சாகடிப்பாள். பெரிம்மா ஒருநாள் நிமிர்ந்து உட்கார்ந்தே விட்டார்.

"ஏன்டி, செத்தப்புறம் பத்துப் பேரக் கொல்ற பெலம் அவளுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"பேயில்ல பெரிம்மா, அதுக்கு சக்தி ஜாஸ்தி."

"அப்பிடின்னா நம்ம ஊர்ல கெணத்துல வுழுந்தாளுங்களே, அவளுங்களுக்கெல்லாம் ஏன் வர்ல?"

கிணற்றில் விழுந்த இரண்டு பேரையும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களை விழவைத்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, பஞ்சாயத்திலும் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பேய்ப் படத்தை எடுக்கிறவர்கள் உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு நியாயம் கேட்கத் துப்பில்லாமல், செத்தவள் தலையில் அந்த வேலையையும் கட்டிவிடுகிறார்கள் என்பது என் கருத்து. இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை.

விஞ்ஞானப் படத்தில் உலகம் அழியப்போகும். உலகம் என்றால் அமெரிக்கா. வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பறக்கும் தட்டில் எத்தனையோ கோடி மைல் வருவார்கள். கள்ளக்குறிச்சி தாலுகாவில் ஒரு ஓரமாகக்கூட இறங்கமாட்டார்கள். பெரிய குண்டு ஒன்று வைத்திருப்பார்கள். அது வெடிக்க இரண்டு நிமிஷம் என்று கடிகாரம் காட்டும். அந்த இரண்டு நிமிஷம் தியேட்டரில் கால் மணி நேரம் ஓடும். சிவப்பு வயரை வெட்டுவதா நீல வயரை வெட்டுவதா என்று கதாநாயகன் வியர்த்துக்கொண்டிருப்பான். "எங்கூர்ல வையுங்க, கரண்டு தானா பூடும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்திக்கு வேறு கவலை. உலகம் சனிக்கிழமைக்கு முன்னால் அழிந்தால் அந்த வாரக் கூலியைக் கொடுத்துவிட்டு அழிப்பார்களா என்று கேட்டாள்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு போன கதை. சிரிப்பு நின்றது எப்படி என்று இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

மூன்று வகைப் படத்துக்கும் களையெடுப்பு மூன்று மாதிரி நடந்தது. அதை முதலில் கவனித்தது மேஸ்திரி அக்கா. பேய்க் கதை சொன்ன நாளில் எல்லோரும் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு வருவார்கள், வரிசை கோணிக்கொள்ளும். தண்ணீர் குடிக்க மோட்டார் கொட்டகைக்கு யாரும் தனியாகப் போகமாட்டார்கள். பட்டப்பகலில் இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். விஞ்ஞானக் கதை சொன்னால் கை நின்றுவிடும். பறக்கும் தட்டு எப்படிப் பறக்கிறது, காற்றாடி வேண்டாமா, உள்ளே சோறாக்க இடம் உண்டா என்று ஒவ்வொருத்தியும் நிமிர்ந்து கேட்பாள்.

சண்டைக் கதையில் அந்தத் தொல்லை இல்லை. கதாநாயகன் ஒரு குத்து விட்டான் என்றால் பதினோரு களைக்கொத்தும் ஒன்றாக மண்ணில் இறங்கும். அடுத்த குத்து, அடுத்த கொத்து. ஒவ்வொருத்திக்கும் மண்ணில் யார் முகம் தெரிந்ததோ, நான் கேட்டதில்லை. குடித்துவிட்டு வருகிற புருஷன் இருந்திருப்பான், மாமியார் இருந்திருப்பாள். புல் வேரோடு பெயர்ந்து வந்தது. சண்டைப் படம் சொன்ன நாளில் பொழுது சாய்வதற்குள் இரண்டு வரிசை கூடுதலாக முடிந்திருக்கும். நட்சத்திரம் எல்லாம் பிறகு வந்தது. எங்கள் கூட்டத்தில் படத்தின் தரம் வரிசைக் கணக்கில்தான் இருந்தது.

இதை இரண்டாவதாகக் கவனித்தவர் கொல்லைக்காரர். எட்டு ஏக்கர் மல்லாட்டை போட்டிருந்தார். மோட்டார் கொட்டகை நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்தோம். முதல் களையெடுப்பு தொடங்கிய அன்றே மேஸ்திரி அக்காவைக் கூப்பிட்டு, "அந்தக் கைகோணல் புள்ள நல்லா கத சொல்லுது. சண்டப் படமே சொல்லச் சொல்லு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நிலக்காரர் என்னை மெச்சியிருக்கிறார். அந்த வாரம் பார்த்த படத்தில் ஆறு சண்டைதான் இருந்தது. நான் பதினொன்றாகச் சொன்னேன். நாலு நாள் வேலை மூன்று நாளில் முடிந்தது.

இருபது நாள் கழித்து இரண்டாம் களையெடுப்பு. அதற்கு முந்தின நாள் மேஸ்திரி அக்கா வீடு வீடாக வந்து ஆள் சொன்னார். என் வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் சரியில்லை.

"பன்னெண்டு பேர் வேணாமாம்டி. பத்துப் பேர் போதுமாம்."

"ஏன்க்கா?"

"போன தபா மூணு நாள்ல முடிச்சீங்க இல்ல, பத்துப் பேரு வந்தா நாலு நாள்ல முடியும், எதுக்கு ரெண்டு பேர் ஜாஸ்தின்றாரு."

என் வேலைதான் போகப்போகிறது என்று நினைத்தேன். மெதுவான கை என்னுடையது. அக்கா தலையை ஆட்டினார். கதை சொல்கிற பெண் கட்டாயம் வர வேண்டும் என்று கொல்லைக்காரர் சொல்லியிருந்தார். அப்படியானால் மெதுவான கை அடுத்து இரண்டு பேர்: பால்குடிப் பிள்ளையை வரப்பில் தூங்கவைத்துவிட்டு வேலை பார்க்கும் ஒருத்தி, பெரிம்மா.

என் கதையால்தான் பெரிம்மாவின் வேலை போயிற்று. இதை எப்படித் திருப்பிச் சொன்னாலும் அதுதான். அந்தக் களையெடுப்பை நம்பித்தான் அவர் ஆடிக்கும் ஆவணிக்கும் அரிசி வாங்க வேண்டும். வேறு கூட்டத்தில் புரை விழுந்த கண்ணைச் சேர்க்கமாட்டார்கள். நான் அவர் வீட்டுக்குப் போனபோது முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குத் தேவலை.

"போய்ட்டு வா. என்ன படம் சொன்னேன்னு சாய்ங்காலம் வந்து எனக்குஞ் சொல்லு" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினொரு சண்டை சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் கொல்லையில் இறங்கியதும் கொல்லைக்காரர் கொட்டகையிலிருந்து, "இன்னா புள்ள, இன்னா சண்ட இன்னைக்கி?" என்று கேட்டார்.

"சண்டப் படம் மாத்திட்டாங்க ஐயா. பேய்ப் படந்தான் ஓடுது" என்றேன்.

பச்சைப் பொய். தியேட்டரில் ஓடியது சண்டைப் படம்தான், அதுவும் நல்ல சண்டை. ஆனால் அன்று நான் சொன்ன பேய், எந்தத் தியேட்டரிலும் ஓடாத பேய். அதைக் கல்வராயன் மலையிலிருந்து இறக்கி, எங்கள் ஏரிக்கரை வழியாக நடத்தி, கடைசியில் அந்த மோட்டார் கொட்டகைக் கிணற்றிலேயே கொண்டுவந்து விட்டேன். அது நடந்துதான் வந்தது. வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. மேஸ்திரி அக்கா இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை என் பக்கத்து வரிசைக்கே வந்துவிட்டார்.

"இன்னாடி பண்ற?" என்றார் மெதுவாக.

நான் பேயை ஏரிக்கரையில் இன்னொரு முறை உட்காரவைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கொல்லைக்காரர் கண்டுபிடித்துவிட்டால் அவர் கூட்டத்துக்கே அந்தக் கொல்லை போய்விடும். அக்கா ஒரு புல்லைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "நல்லா சொல்லு. பேயி மெதுவா வர்ட்டும், ஒன்னும் அவசரம் இல்ல" என்றார்.

அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் குடிக்க மூன்று மூன்று பேராகப் போனார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் நாலு பேராக. ஒருத்தி வாய்க்கால் ஓரம் ஓணானைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள், எழுப்பிவிட இரண்டு பேர் போனார்கள். நிஜமாகவே பயந்தார்களா, நடித்தார்களா என்று எனக்கே தெரியவில்லை. நான் பார்த்த எந்தப் பேய்ப் படத்திலும் அவ்வளவு நன்றாக யாரும் நடித்ததில்லை. பொழுது சாயும்போது ஒன்றரை ஏக்கர்கூட முடியவில்லை.

இரண்டாம் நாள் விஞ்ஞானப் படம் எடுத்தேன். அது நிஜமாகவே ஓடி முடிந்த படம். ஒரு பெரிய முதலாளி இரும்பில் ஆள் செய்கிறார். அந்த இரும்பாள் சமைக்கிறான், பெருக்குகிறான், மூட்டை தூக்குகிறான், கட்டடம் கட்டுகிறான். தூங்குவதில்லை. கை ஒவ்வொன்றாக நின்றது. ஒன்பது பேரும் நிமிர்ந்து கேள்வி கேட்டார்கள். பதில் சொல்ல நானும் நிமிர்ந்துதானே ஆக வேண்டும்.

கொல்லைக்காரர் வரப்புக்கே வந்துவிட்டார். வந்தவர் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"கத சொல்றியா, வேலையக் கெடுக்கிறியா? இப்பிடியே போனா நாளைலேருந்து நீ வராத."

நான் போனால் எனக்கும் வேறு கூட்டம் கிடையாது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சண்டப் படம் வந்தாதாங்க சண்ட சொல்ல முடியும். ஓடறதத்தாங்க நான் சொல்றேன்."

மேஸ்திரி அக்கா நிமிர்ந்தார். "அவ வராம நின்னா ஆளுங்களுக்குக் கையே ஓடாதுங்க. வெய்யில் இன்னா கம்மியாவா அடிக்குது. செடியில வுழுது எறங்கற நேரம், இன்னும் நாலு நாள் போனா கொத்த மண்ணுல வெக்க முடியாது. வுட்ட ரெண்டு ஆளையும் கூட்டியாந்தா வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சுக் குடுத்துடறோம்" என்றார்.

கொல்லைக்காரர் கொல்லையைப் பார்த்தார். எட்டு ஏக்கரில் கால்வாசிதான் முடிந்திருந்தது. மிச்சத்தில் புல் முழங்கால் தொட்டது. பூவிலிருந்து விழுது பூமிக்குள் இறங்கித்தான் மல்லாட்டை காய்க்கும், இறங்கிய பிறகு கொத்துப் போட்டால் காய் போய்விடும் என்று அவருக்குத் தெரியாததல்ல. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, நாளைக்கி ரெண்டு பேரையும் வரச் சொல்லு" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் பெரிம்மா என் இடப்பக்கத்து வரிசையில் இருந்தார். பால்குடிப் பிள்ளை வேலி நிழலில் தூங்கியது. நான் சண்டைப் படத்தைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் பெரிம்மா இரும்பாள் கதையை விட்ட இடத்திலிருந்து கேட்டார். முந்தின நாள் சாயங்காலமே அவரிடம் பாதி சொல்லியிருந்தேன். அதனால் அதையே தொடர்ந்தேன். அன்று யாரும் வேலையை நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டே ஒழுங்காகச் செய்தார்கள். கொல்லைக்காரரும் அன்று கொட்டகைக்குப் போகவில்லை. வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அவரே வாயைத் திறந்தார்.

"அந்த இரும்பாளு, கள எடுக்குமா?"

"படத்துல எல்லா வேலையும் செய்யுதுங்க" என்றேன்.

"கூலி?"

"அதுக்கு எதுக்குங்க கூலி."

அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இன்னா வெல இருக்கும் அது?" என்று கேட்டார்.

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தவள் நான் ஒருத்தி, கேட்டவர்கள் பதினோரு பேர். அந்தக் கதையை அவ்வளவு அக்கறையாக உள்ளே வாங்கியவர் அவர்தான். அப்போது அவர் எங்களைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

"வெல தெரியாதுங்க" என்றேன். "ஆனா கடைசியில அது யார் சொன்னாலும் கேக்காம போயிடுதுங்க. செஞ்ச மொதலாளியத்தான் மொதல்ல கொல்லுது."

"அப்பிடியா" என்றார். பிறகு எழுந்து துண்டால் பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார்.

அவர் தள்ளிப்போனதும் பெரிம்மா விரலால் ஒரு செடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நெசமாவே மொதலாளிய கொன்னுடுதா?"

"இல்ல பெரிம்மா. அவருக்கு ஒன்னும் ஆவல. கடைசி சீன்ல கூட கோட்டு சூட்டு போட்டுக்கினு நல்லாத்தான் நிக்கிறாரு."

"அப்ப வேலக்காரங்க? அது வர்றதுக்கு முன்னாடி அவுரு கிட்ட வேல செஞ்சவங்க? அவங்க இன்னா ஆனாங்க?"

படத்தை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தேன். முதல் சீனிலிருந்து தேடினேன்.

"அப்பிடி யாரயும் அந்தப் படத்துல காட்டவே இல்ல பெரிம்மா" என்றேன்.

பெரிம்மா தலையை ஆட்டிவிட்டு அந்தச் செடியை விட்டார், பக்கத்துப் புல்லைப் பிடுங்கினார்.